சூத்திரம் ஒன்று, ஆட்டோமேட்டன் வேறு: காலத் தருக்கத்தை நிர்ணய ஆட்டோமேட்டனாக மாற்றும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் இன்று ஆலைகளின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.க்கு நிரல் எழுதுகிறார்கள். சிலர் மேற்படிப்புக்குப் போயிருக்கிறார்கள். ஸ்டெரிலைசர் (பனங்குலையை நீராவியில் வேகவைக்கும் கலம்), கன்வேயர், கொதிகலன் ஆகியவற்றின் பதிவுகளைப் படித்து, விதி மீறப்பட்ட நொடியில் சொல்லும் கண்காணிப்பிகளை எழுதுவது என் வேலை. விதியைக் காலத் தருக்கத்தில், அதாவது எது எப்போது நடக்க வேண்டும் என்று சொல்லும் குறியீட்டு மொழியில், ஒரு சூத்திரமாக எழுதுவேன். அதை நிர்ணய ஆட்டோமேட்டனாக (பதிவின் ஒவ்வோர் அடிக்கும், அதாவது வரிக்கும், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும் இயந்திர மாதிரியாக) மாற்றி, அந்த ஆட்டோமேட்டனை ஓடவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு நாலைந்து பேர் மடிக்கணினியோடு வீட்டுக்கு வருவார்கள். ஆள் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சரிசெய்ததை வரிசைப்படுத்தி இங்கே வைக்கிறேன்.

எழுத்துமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. கருவிக்குள் ஜி, எஃப், எக்ஸ், யு, டபிள்யூ என ஒற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தட்டுகிறோம். இங்கே அவற்றை முறையே என்றும், என்றாவது, அடுத்து, வரை, தளர்வரை என்று எழுதுகிறேன். ¬ என்றால் இல்லை, ∧ என்றால் மற்றும், → என்றால் எனில். ஓர் அடியில் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும் கதவு, நீராவி போன்றவற்றைக் கூற்று என்கிறேன். நிர்ணயம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, தோட்டத்தில் காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டை நினைவூட்டுவேன். கங்காணி ஒவ்வொருவருக்கும் ஒரே நிரையைச் சொல்லி அனுப்புவார். "இந்த நிரைக்குப் போ, இல்லாவிட்டால் அந்த நிரைக்குப் போ" என்று சொன்னால் அது நிர்ணயமற்றது.

## முதலில் ஒரு கேள்வி: இந்த ஆட்டோமேட்டனை யார் படிக்கப் போகிறார்கள்?

வருகிற கோளாறுகளில் பாதி இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். ஒரு மாதிரி விதியை மீறுகிறதா என்று மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் நிர்ணயமே தேவையில்லை. சூத்திரத்தின் மறுப்பிலிருந்து நிர்ணயமற்ற பியூகி ஆட்டோமேட்டன் (குறித்த நிலைக்கு முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும் ஓட்டத்தை ஏற்பது) எடுத்தால் போதும். கீழே உள்ள தலைவலிகளில் பல உங்களுக்கு வராது. ஓடும் ஆலையைக் கண்காணிக்க வேண்டுமா? நிர்ணயக் கண்காணிப்பி வேண்டும். விதியிலிருந்து கட்டுப்படுத்தியையே உருவாக்க வேண்டுமா? நிர்ணய ஆட்டோமேட்டன் வேண்டும், பெரும்பாலும் பாரிட்டி ஏற்பு விதியோடு. எந்த ஓட்டத்தை ஏற்பது என்று சொல்வது ஏற்பு விதி; பாரிட்டி என்பது எண்கள் கொடுத்து, முடிவில்லாமல் வருபவற்றில் மிகப் பெரியது அல்லது மிகச் சிறியது ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பது. நிகழ்தகவு கணக்கிட வேண்டுமா? அதற்கு நிர்ணய ஆட்டோமேட்டன் வேண்டும், அல்லது அதற்கெனவே வடிவமைத்த அரை நிர்ணய வகை ஒன்று வேண்டும்.

இதற்கு விடை தெரியாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

## அறிகுறி: நிர்ணயம் கேட்டேன், ஆனால் ஒரே நிலையிலிருந்து இரண்டு வழி பிரிகிறது

உண்மையிலேயே பிரிகிறதா? படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தாவலில் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்பில்) "கதவு" என்றும் இன்னொன்றில் "¬கதவு ∧ நீராவி" என்றும் இருந்தால் அவை மோதுவதில்லை. ஒன்றில் "கதவு", இன்னொன்றில் "நீராவி" என்றிருந்தால் மோதும். இரண்டும் ஒரே நொடியில் உண்மையாகலாம். கருவிகள் இன்று பெரும்பாலும் 2015-இல் வெளியான ஹனோய் ஒமேகா ஆட்டோமேட்டா என்ற கோப்பு வடிவில் எழுதுகின்றன. அதன் தலைப்பில் பண்புகளைச் சொல்லும் வரியில் டிட்டர்மினிஸ்டிக் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிர்ணயம். சொல் இல்லை என்பதற்காக நிர்ணயமில்லை என்று ஆகிவிடாது. கருவி அதைச் சோதிக்காமலும் விட்டிருக்கலாம். சூத்திரத்தை ஆட்டோமேட்டனாக மாற்றித் தரும் ஸ்பாட் என்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள ஆட்ஃபில்ட் கட்டளையிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

விருப்பத்தைச் சொன்னீர்களா, கட்டாயத்தைச் சொன்னீர்களா? ஸ்பாட் கருவியில் மைனஸ் டி என்ற தேர்வு ஒரு விருப்பம் மட்டுமே. முடிந்தால் நிர்ணயமாகக் கொடு, முடியாவிட்டால் பரவாயில்லை என்று அது சொல்கிறது. என்னிடம் வந்தவர்களில் மிகப் பலர் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கட்டாயம் வேண்டுமென்றால் அதோடு மைனஸ் ஜி சேர்த்துப் பொதுவான ஏற்பு விதிக்கு அனுமதி கொடுங்கள், அல்லது மைனஸ் பி (-P) சேர்த்துப் பாரிட்டி கேளுங்கள்.

பியூகியும் வேண்டும், நிர்ணயமும் வேண்டும் என்கிறீர்களா? சில சூத்திரங்களுக்கு அப்படி ஓர் ஆட்டோமேட்டன் உலகத்திலேயே கிடையாது. எடுத்துக்காட்டு: என்றாவது என்றும் ¬அலாரம். அதாவது, ஒரு கட்டத்துக்குப் பின் அலாரம் அடிக்கவே அடிக்காது. நிர்ணயப் பியூகி ஆட்டோமேட்டன் ஒன்று இதைச் செய்கிறது என்று யாராவது காட்டினால் இப்படிச் சோதியுங்கள். அலாரம் இல்லாமல் ஓடவிடுங்கள். அது குறித்த ஏற்பு நிலைக்கு, பச்சை என்று வைத்துக்கொள்வோம், வந்தாக வேண்டும். வந்தவுடன் ஒரு முறை அலாரம் அடியுங்கள். மறுபடி அமைதி, மறுபடி பச்சை வரும். மறுபடி அலாரம். பச்சை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும், அலாரமும் முடிவில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும், ஆட்டோமேட்டனோ அதை ஏற்றுக்கொள்ளும். தேர்வுகளை மாற்றி மாற்றி இரவெல்லாம் ஓட்டினாலும் இது மாறாது. ஏற்பு விதியை மாற்றுங்கள்: "சிவப்பு நிலைக்கு முடிவில்லாமல் திரும்பத் திரும்பப் போகக் கூடாது" என்ற கோ-பியூகி விதியில் இதே சூத்திரம் இரண்டே நிலைகளில் முடிந்துவிடும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: உங்கள் ஆட்டோமேட்டனைப் படிக்கும் மென்பொருள் பியூகியை மட்டுமே படிக்கும், சூத்திரமோ இந்த வகையைச் சேர்ந்தது என்றால், அந்த மென்பொருளை எழுதியவரிடம் போங்கள். உங்கள் பக்கத்தில் திருத்த எதுவும் இல்லை.

## அறிகுறி: நிலைகள் பெருகி மடிக்கணினி நின்றுவிடுகிறது

இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் போகிறது, அதிகப் பணமும் வீணாகிறது. ஒரு தம்பி இதற்காகவே நினைவகத்தை இரட்டிப்பாக்கினான். அடுத்த வாரம் சூத்திரத்தில் ஒரு சொல்லை மாற்றினோம்; பழைய நினைவகமே போதும் என்றாகிவிட்டது. ஆகவே கீழே உள்ள வரிசையை மீறாதீர்கள்.

ஒரே சூத்திரமாகக் கட்டினீர்களா? பன்னிரண்டு விதிகளை "∧" போட்டு ஒன்றாக்கினால் நிலைகள் ஒன்றோடொன்று பெருகும். கண்காணிப்புக்கு இது தேவையே இல்லை. பன்னிரண்டு சின்னக் கண்காணிப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். எந்த விதி மீறப்பட்டது என்பதும் உடனே தெரியும். ஒன்றாகக் கட்டினால் அது தெரியாது.

அடுத்து அடுத்து அடுத்து என்று எண்ணுகிறீர்களா? சூத்திரத்தில் "அடுத்து" எத்தனை முறை தொடர்ந்து வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

இந்த இரண்டு விதிகளையும் வைத்துப் பாருங்கள். முதலாவது: என்றும்(தொடக்கம் → சரியாகப் பத்தாவது அடியில் முடிவு). இரண்டாவது: என்றும்(தொடக்கம் → பத்து அடிக்குள் முடிவு). பேசும்போது இரண்டையும் நாம் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். முதலாவதற்கு நிர்ணய ஆட்டோமேட்டன் கடைசிப் பத்து அடிகளில் எந்தெந்த அடியில் தொடக்கம் வந்தது என்பதை முழுக்க நினைவில் வைக்க வேண்டும். பத்து அடி, ஒவ்வொன்றிலும் ஆம் அல்லது இல்லை. ஆக 1,024 நிலைகள், தோல்வி நிலை தனி. இரண்டாவதற்குக் காத்திருப்பவற்றில் மிகப் பழைய தொடக்கத்தின் வயது மட்டும் தெரிந்தால் போதும். ஒரு முடிவு வந்தால் எல்லாக் காத்திருப்பும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். 11 நிலைகள். அந்தத் தம்பியின் சூத்திரத்தில் மாற்றிய சொல் இதுதான்: "சரியாக" என்பதை எடுத்துவிட்டு "உள்ளாக" என்று போட்டோம்.

சரியாகப் பத்தாவது அடிதான் வேண்டும் என்றால் ஆலையைக் கேளுங்கள். ஒரு தொடக்கத்துக்கும் அடுத்த தொடக்கத்துக்கும் இடையே குறைந்தது பத்து அடி இடைவெளி எப்போதும் இருக்குமா? ஸ்டெரிலைசரில் குலை ஏற்றிய கூண்டுகளை உள்ளே தள்ளிக் கதவை மூடினால், அந்தச் சுற்று முடியாமல் அடுத்த சுற்று தொடங்க வழியே இல்லை. அந்த உண்மையை ஊகமாகச் சூத்திரத்தில் சேர்த்தால் ஒரே ஓர் எண்ணி (கவுண்டர்) போதும். 1,024 மறுபடி 11-க்கு இறங்கும், தோல்வி நிலை தனியாகத்தான். ஆலையில் நடக்கவே முடியாத பதிவுகளுக்காக ஆட்டோமேட்டன் சுமந்துகொண்டிருந்த நினைவு அது.

இன்னொரு வழி கடிகாரத்தை வெளியே எடுப்பது. நிமிடத்துக்கு ஒரு பதிவு, அறுபதாவது நிமிடத்தில் வால்வு திறக்க வேண்டும் என்பதை அறுபது "அடுத்து" போட்டு எழுதியவரைப் பார்த்திருக்கிறேன். ஊகம் எதுவும் சேர்க்காமல் விட்டால் 2-இன் 60-ஆம் அடுக்கு, அதாவது 11,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட நிலைகள். பி.எல்.சி.யில் ஏற்கனவே ஒரு டைமர் ஓடுகிறது. "டைமர் முடிந்தது" என்ற பிட்டை ஒரு கூற்றாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணும் வேலை டைமருக்கு, வரிசை பார்க்கும் வேலை ஆட்டோமேட்டனுக்கு.

ஏற்பு விதியை அளவுக்கு மீறி இறுக்கினீர்களா? நான்கு கன்வேயர்களும் மறுபடி மறுபடி ஓட வேண்டும் என்ற விதியைப் பாருங்கள்: ஒவ்வொன்றுக்கும் என்றும் என்றாவது ஓட்டம். தாவல்களின் மேல் குறியிட்டு நான்கு ஏற்புக் கூட்டங்களை அனுமதித்தால் ஒரே நிலையில் முடியும். நிலைகளின் மேல்தான் குறி இருக்க வேண்டும், ஒரே கூட்டம்தான் என்றால் நான்கைந்து நிலைகள் ஆகும். இது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம் நியாய விதிகளில் தெரியும்: "இந்தக் கோரிக்கை முடிவில்லாமல் வந்தால் அந்தப் பதிலும் முடிவில்லாமல் வர வேண்டும்" என்பது போன்ற ஜோடிகள் பல சேர்ந்தால், பொதுவான ஏற்பு விதியில் இன்னும் ஒரே நிலைதான். அதையே பாரிட்டியாகக் கேட்டால், எந்தப் பதில் எந்த வரிசையில் வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் நிலைகள் தொடர்பெருக்கம் போல ஏறும்: நான்கு ஜோடிக்கு 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720 என்ற வேகம். பாரிட்டி உண்மையிலேயே தேவையா என்று முதல் கேள்விக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கூற்றுகள் அதிகமா? தாவலின் மேல் தருக்கக் கோவையை எழுதும் கருவிகளுக்கு இது பெரிய சுமை இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் (கூற்றுகளின் ஒவ்வொரு உண்மை, பொய்ச் சேர்க்கையையும்) தனித்தனியாக விரிக்கும் பழைய நிரல் எங்காவது நடுவில் இருந்தால், 20 கூற்றுகளுக்கு ஒரு நிலைக்கே 10,48,576 வரிகள் எழுதும். நிலைகள் குறைவு, கோப்பு மட்டும் மிகப் பெரிது என்றால் இதுதான் காரணம்.

வேறு பாதையில் மாற்றிப் பார்த்தீர்களா? பழைய பாதை இரண்டு கட்டம்: சூத்திரத்திலிருந்து நிர்ணயமற்ற பியூகி, அதிலிருந்து ஷ்முவேல் சாஃப்ரா 1988-இல் கொடுத்த முறையில் நிர்ணய ராபின் (சில நிலைகள் ஒரு கட்டத்தோடு நின்று, வேறு சில முடிவில்லாமல் வர வேண்டும் என்ற ஜோடிகளைப் பார்க்கும் ஏற்பு விதி). நிர் பிட்டர்மன் 2006-இல் அதைப் பாரிட்டிக்கு ஏற்றபடி திருத்தினார். சாஃப்ரா முறையில் ஒவ்வொரு நிலையும் ஒரு மரம். சூத்திரத்தின் அமைப்பு அதற்குள் கரைந்துபோகிறது. ஹவியேர் எஸ்பார்சா, யான் கிரெட்டின்ஸ்கி ஆகியோர் 2014-இல் சூத்திரத்திலிருந்தே நேராக நிர்ணய ஆட்டோமேட்டனுக்குப் போகும் பாதையைக் காட்டினார்கள். ஆவுல் என்ற மென்பொருள் தொகுப்பு அந்த வழியில் வந்தது. என் அனுபவத்தில் என்றும், என்றாவது ஆழமாக அடுக்கிய சூத்திரங்களுக்கு நேர்ப்பாதை நன்றாக இருக்கிறது. மற்றவற்றுக்கு ஸ்பாட்டே பல நேரம் சிறியதைத் தருகிறது. இரண்டையும் ஓட்டிச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே இலவசம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இவ்வளவும் செய்த பிறகும் நிலைகள் பெருகுவது நிற்கவில்லை என்றால் சூத்திரமே கடினமானதாக இருக்கலாம். மிக மோசமான நிலையில் நிர்ணய ஆட்டோமேட்டன் சூத்திரத்தின் நீளத்துக்கு இரட்டை அடுக்குக்குறி அளவில் வளரும். இது நிரூபிக்கப்பட்ட எல்லை, எந்தக் கருவியும் அதைத் தாண்டாது. இனி நினைவகம் வாங்காதீர்கள். விதியை எழுதிய பொறியாளரோடு உட்கார்ந்து விதியை மறுபடி எழுதுங்கள்.

## அறிகுறி: நல்ல பதிவைப் பிழை என்கிறது, அல்லது கெட்ட பதிவை விட்டுவிடுகிறது

கருவியைச் சந்தேகிக்கும் முன் சூத்திரத்தைக் கருவி எப்படிப் படித்தது என்று அச்சிட்டுப் பாருங்கள். முழு அடைப்புக்குறிகளோடு திருப்பி அச்சிடும் தேர்வு எல்லா நல்ல கருவிகளிலும் இருக்கிறது.

பெயர் வெட்டுப்பட்டதா? ஸ்பாட்டில் எஃப், ஜி, எக்ஸ் ஆகிய பெரிய எழுத்துகளில் தொடங்கும் கூற்றுப் பெயரை, முதல் எழுத்தைச் செயலியாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெயராகப் படித்துவிடும். ஃபீடர் (Feeder) என்று பெரிய எழுத்தில் தொடங்கிப் பெயர் வைத்தால் "என்றாவது ஈடர்" என்று ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஈடர் என்ற கூற்று உங்கள் பதிவில் இல்லாததால் அது எப்போதும் பொய்யாகவே இருக்கும். பெயர்களைச் சிறிய எழுத்தில் தொடங்குங்கள், அல்லது இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

அடைப்புக்குறி விட்டுப்போனதா? "என்றும் கோரிக்கை → என்றாவது பதில்" என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், கருவி "(என்றும் கோரிக்கை) → (என்றாவது பதில்)" என்று படிக்கும். ஒரே ஒரு நொடி கோரிக்கை இல்லாமல் போனால் இடப்பக்கம் பொய். முழுச் சூத்திரமும் உண்மை. அதற்குப் பிறகு எதையும் பிழை என்று சொல்லாது. நீங்கள் நினைத்தது என்றும்(கோரிக்கை → என்றாவது பதில்).

வரையா, தளர்வரையா? ஸ்டெரிலைசர் கதவு, அழுத்தம் தீரும் வரை திறக்கக் கூடாது. இதை "¬திறப்பு வரை தீர்ந்தது" என்று எழுதினால், அழுத்தம் கட்டாயம் ஒரு நாள் தீர்ந்தாக வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையையும் எழுதிவிடுகிறீர்கள். ஷிஃப்ட் முடியும்போது அழுத்தம் இன்னும் இருந்தால், கதவு மூடியே இருந்தும் விதி மீறப்பட்டதாகக் காட்டும். கட்டுப்படுத்தியை உருவாக்கும்போது இது இன்னும் மோசம்: அழுத்தம் சூழலின் கையில் இருப்பதால் "இப்படி ஒரு கட்டுப்படுத்தி சாத்தியமே இல்லை" என்ற விடை வரும். தளர்வரை போடுங்கள்; அது அந்தக் கூடுதல் நிபந்தனையைக் கேட்காது. அதைவிட நல்லது, "வரை" தேவையா என்று கேட்பது. என்றும் ¬(திறப்பு ∧ அழுத்தம்) என்று எழுதினால் அதே பாதுகாப்பு கிடைக்கிறது. ஒரே நிலை போதும். படிப்பவருக்கும் ஒரே பார்வையில் புரியும். "வரை" என்று பேச்சில் வருவதால் சூத்திரத்திலும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இப்போதே என்பதும் என்றாவதில் அடங்கும். கோரிக்கையும் பதிலும் ஒரே அடியில் வந்தால் என்றாவது நிறைவேறிவிடும். "பிறகுதான் வர வேண்டும்" என்றால் அடுத்து என்றாவது என்று எழுதுங்கள்.

எண்ணிக்கையை எதிர்பார்க்கிறீர்களா? மூன்று கோரிக்கைக்குப் பின் ஒரே ஒரு பதில் வந்தாலும் என்றும்(கோரிக்கை → என்றாவது பதில்) நிறைவேறும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் வேண்டும் என்பதை, எல்லை வைக்காமல், நிலைகளின் எண்ணிக்கைக்கு முடிவுள்ள எந்த ஆட்டோமேட்டனாலும் சொல்ல முடியாது. அமீர் ப்னுவேலி 1977-இல் நிரல்களுக்குக் கொண்டுவந்த இந்தத் தருக்கத்தால் "ஒவ்வொரு இரட்டைப்படை அடியிலும் இது உண்மை, மற்ற அடிகளில் எப்படியும் இருக்கலாம்" என்ற எளிய விதியைக்கூடச் சொல்ல முடியாது. சூத்திரத்தை எவ்வளவு திருத்தியும் சரியாகவில்லை என்றால், நீங்கள் கேட்பது இந்தத் தருக்கத்தின் எல்லைக்கு அப்பால் இருக்கலாம். ஒரு துணைக் கூற்றைப் பி.எல்.சி.யிலேயே உருவாக்கி உள்ளே கொடுங்கள்.

விதியைத் தொடும் நிகழ்ச்சி பதிவில் வந்ததா? ஒரு வாரம் முழுக்கப் "பிழை இல்லை" என்று வந்தால் மகிழ்வதற்கு முன் கோரிக்கை எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். பூஜ்யம் என்றால் சென்சார் கம்பியைப் பாருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இதை உறுதியாகச் சொல்கிறேன். ஸ்டெரிலைசர் நீராவி அழுத்தம் தாங்கும் கலம். மலேசியாவில் அத்தகைய கலங்களுக்குத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கதவின் இயந்திரப் பூட்டையோ பாதுகாப்பு வால்வையோ உங்கள் ஆட்டோமேட்டனை நம்பித் தொடாதீர்கள், தளர்த்தாதீர்கள். கண்காணிப்பி பூட்டுக்கு மேல் இன்னொரு கண், பூட்டு அல்ல. கதவு பற்றிய பிழைச் செய்தி ஒரு முறை வந்தாலும், அது பொய்ச் செய்தி என்று நீங்கள் நினைத்தாலும், சூத்திரத்தைத் திருத்தும் முன் நீராவிப் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி: கண்காணிப்பி நாள்கணக்காக எதுவும் சொல்வதில்லை

கண்காணிப்பிக்கு மூன்று தீர்ப்பு உண்டு: நிறைவேறியது, மீறப்பட்டது, இன்னும் தெரியவில்லை. என்றும்(கோரிக்கை → என்றாவது பதில்) என்ற சூத்திரத்துக்கு எத்தனை வருடம் பார்த்தாலும் மூன்றாவது தீர்ப்பு மட்டும்தான் வரும். பதில் வராவிட்டால் நாளைக்கு வரலாம். வந்துவிட்டால் நாளைக்கு இன்னொரு கோரிக்கை வரலாம். ஆட்டோமேட்டன் சரியாகத்தான் இருக்கிறது. விதிக்குக் கெடு இல்லை.

எளிய தீர்வு கெடு வைப்பது. இத்தனை அடிக்குள் பதில் என்று எழுதுங்கள். மேலே சொன்னபடி நிலைகளும் அதிகம் ஆகாது. கெடு எவ்வளவு என்பதை நீங்கள் ஊகிக்காதீர்கள். அந்த இயந்திரத்தோடு இருபது வருடம் நின்றவரிடம் கேளுங்கள். கையேட்டில் இல்லாத எண்ணை அவர் சொல்வார்.

கெடு வைத்த பிறகும் அமைதி என்றால், நிலைகளில் எதிலிருந்தாவது "மீறப்பட்டது" நிலைக்கு வழி இருக்கிறதா என்று படத்தில் பின்னோக்கி நடந்து பாருங்கள். வழியே இல்லை என்றால் அடைப்புக்குறிக் கோளாறுக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: பதிவு முடிந்ததும் தீர்ப்பு தலைகீழாகிறது

இந்தத் தருக்கம் முடிவில்லாத ஓட்டத்துக்கு எழுதப்பட்டது. உங்கள் பதிவோ ஷிஃப்ட் முடிந்ததும் நின்றுவிடுகிறது. முடிவுள்ள பதிவுகளுக்கான பொருளை ஜுசெப்பே டி ஜாகோமோவும் மோஷே வார்டியும் 2013-இல் வகுத்துக் கொடுத்தார்கள். அதே சூத்திரம் அங்கே வேறு பொருள் தரும். என்றும் என்றாவது ஓட்டம், என்றாவது என்றும் ஓட்டம் என்ற இரண்டும் முடிவில்லா உலகில் வெவ்வேறு. முடிவுள்ள பதிவில் இரண்டுமே "கடைசி வரியில் ஓட்டம் இருந்தது" என்று சுருங்கிவிடும். கடைசி வரியில் "அடுத்து" பொய்யாகிவிடும், ஏனென்றால் அடுத்த வரி இல்லை.

முதலில் எந்தப் பொருள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். முடிவுள்ள பொருள் என்றால் அதை அறிந்த கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது "உயிர்" என்ற ஒரு கூற்றைச் சேர்த்து முடிவில்லாச் சூத்திரமாக மாற்றுங்கள். ஸ்பாட்டில் இந்த மாற்றம் தயாராக இருக்கிறது. ஒரு நன்மையும் உண்டு: முடிவுள்ள உலகில் ஏற்பு விதி பற்றிய எல்லாச் சண்டையும் ஓய்ந்து, பள்ளியில் படித்த எளிய நிர்ணய ஆட்டோமேட்டனே போதும். ஷிஃப்ட் பதிவை முடிந்த பின் ஆராய்வதுதான் உங்கள் வேலை என்றால், முதல் நாளே இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

## அறிகுறி: சூத்திரமும் மறுக்கிறது, அதன் மறுப்பும் மறுக்கிறது

ஒரே பதிவை இரண்டும் மறுக்க முடியாது. எங்கோ உடைந்திருக்கிறது.

முழுமையா? கருவிகள் வழக்கமாகத் தோல்வி நிலையை எழுதாமல் விடுகின்றன. வழியில்லாத எழுத்து வந்தால் ஓட்டம் செத்துவிடும். அத்தகைய ஆட்டோமேட்டனின் ஏற்பு விதியை மட்டும் திருப்பிப் போட்டால், செத்த ஓட்டம் இரண்டு பக்கமும் செத்ததுதான். முதலில் முழுமையாக்குங்கள், பிறகு திருப்புங்கள்.

திருப்பியது சரியா? ராபினைத் திருப்பினால் ஸ்ட்ரீட் வரும், பியூகியைத் திருப்பினால் கோ-பியூகி வரும். விதியின் பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டால் தவறு. நிர்ணயமற்ற ஆட்டோமேட்டனை இப்படித் திருப்பவே முடியாது.

எண்களின் வழக்கம் ஒன்றா? பாரிட்டியில் மிகப் பெரிய எண்ணா, மிகச் சிறிய எண்ணா, ஒற்றை வெல்லுமா, இரட்டை வெல்லுமா என நான்கு வழக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ராபின் ஜோடியில் எது முதலில் வரும் என்பதும் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். இரண்டு நிரல்களை இணைக்கும் இடத்தில்தான் இது உடையும். என்றும் என்றாவது ஓட்டம் என்ற மிகச் சின்னச் சூத்திரத்தை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். வழக்கம் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு கருவிகள் இரண்டு அளவு கொடுத்தால் அது கோளாறு இல்லை. இரண்டு மொழி, அதாவது ஏற்கும் பதிவுகளின் இரண்டு வேறு தொகுதிகள், கொடுத்தால்தான் கோளாறு. ஸ்பாட்டில் உள்ள எல்டிஎல்-கிராஸ், சூத்திரத்தையும் மறுப்பையும் பல கருவிகளில் மாற்றி, ஒன்றோடொன்று பெருக்கி, வெறுமையாக இருக்க வேண்டியது வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கும். அதை ஓட்டாமல் யாருடைய கருவியையும் குற்றம் சொல்லாதீர்கள்.

## அறிகுறி: நிகழ்தகவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறது

சுருக்கமாகச் சொல்லலாம். நிர்ணயமற்ற ஆட்டோமேட்டனை மார்க்கோவ் முடிவு மாதிரியோடு (ஒவ்வோர் அடியிலும் ஒரு தேர்வும் அதன்பின் நிகழ்தகவும் வரும் மாதிரி) பெருக்கியிருப்பீர்கள். எந்த வழியில் போவது என்று எதிர்காலம் தெரியாமல் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், உண்மையான எண்ணைவிடக் குறைவாக வரலாம். நிர்ணயமாக்குங்கள், அல்லது இதற்கென உருவான அரை நிர்ணய வகையைக் கேளுங்கள். அரை நிர்ணயம் என்ற பெயரில் வருவதெல்லாம் இதற்கு ஒத்துவராது. கருவியின் கையேட்டில் நிகழ்தகவுக்கு உகந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

## உதவி கேட்டு வரும்போது

எல்லாம் பார்த்தாயிற்று, எல்டிஎல்-கிராஸ் மட்டும் வெறுமையில்லை என்கிறது. இப்போது கருவியை எழுதியவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் பதில் சொல்வார்கள். முழு விதித்தொகுப்பை அனுப்பாதீர்கள். சூத்திரத்தைப் பாதியாக வெட்டுங்கள். கோளாறு இருக்கும் பாதியை மறுபடி வெட்டுங்கள். எல்டிஎல்-கிரைண்ட் என்ற கட்டளை சூத்திரத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்துத் தரும். கடைசியில் ஐந்தாறு குறிகள்தான் மிஞ்சும். அதோடு கருவியின் பதிப்பு எண், நீங்கள் தட்டிய கட்டளை முழுதும், தவறாகத் தீர்ப்பான ஒரு பதிவு ஆகியவற்றைச் சேருங்கள். பதிவை "தொடக்கத்தில் இது, பிறகு இது மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும்" என்ற வடிவில் எழுதுங்கள். முடிவில்லாத பதிவை இரண்டு வரியில் சொல்ல அதுவே வழி.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வருபவர்களும் இந்த நான்கையும் எடுத்து வாருங்கள். ஆலையின் பெயர், அளவீடுகள் எதுவும் வேண்டாம். கூற்றுகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தால் போதும்.